3டி பிரிண்ட் பேட்டர்ன் மணலை விட்டு வரமாட்டேங்குது. தப்பு யார் மேல?

அரைவட்டம் | பிப்ரவரி 3, காலை 7.10

பம்பு பிராக்கெட் ஒண்ணுங்க. நீளம் 240 எம்எம், அகலம் 150, உயரம் 90. நீளவாக்குல 60 எம்எம் ஓட்டை, அதுக்கு கோர் (ஓட்டை விழ வேண்டிய இடத்துல வைக்கற மணல் கட்டை) வரும். கிரே அயர்ன், 10 பீஸ் போதும். தேக்குல பேட்டர்ன் (மணல்ல பதிச்சுத் தூக்கி அச்சுக் குழி எடுக்கற உரு) அடிக்க நாள் ஆகும்னு பிஎல்ஏ பிளாஸ்டிக்ல மேல்பாதி, கீழ்பாதின்னு ரெண்டா பிரிண்ட் எடுத்தேன். லேயர் 0.2, சுவர் 2 சுத்து, இன்ஃபில் (உள்ள நிரப்பறது) 15 சதம். பட்டி பார்த்து ஸ்ப்ரே பெயின்ட் அடிச்சுதான் பவுண்டரிக்குக் கொடுத்தேன். தூக்கறப்ப பக்கச் சுவர் மணலும் கூடவே வந்துடுது. 3 அச்சு போட்டு 2 உடைஞ்சுது. மோல்டர் பார்த்துட்டு "இது பேட்டர்ன் இல்ல, பொம்மை"ன்னுட்டாரு.

இன்னும் ரெண்டு வருசத்துல பேட்டர்ன் கடை எல்லாம் மூடிடும்ங்கறது என் கணிப்பு. அதுல மாத்தமில்ல. இந்த பீஸ் எங்க மாட்டுதுன்னு மட்டும் சொல்லுங்க.

தேக்குத்தூள் | பிப்ரவரி 3, இரவு 9.35

மோல்டர் சொன்னது சரி. கோவத்துல காரணத்தை விட்டுட்டாரு.

பிரிக்கற முகத்தை, அதாவது ரெண்டு பாதியும் சேர்ற முகத்தை, பிரிண்டர் பெட்ல வச்சுத்தான் பிரிண்ட் எடுத்திருப்பீங்க. வேற வழியும் இல்ல, அந்த முகம் தட்டையா வரணும். அப்ப லேயர் எல்லாம் பேட்டர்னைத் தூக்கற திசையிலேயே ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி நிக்கும். பாதி உயரம் 45 எம்எம், லேயர் 0.2, ஆக 225 வரி. ஒவ்வொரு வரிக்கு நடுவுலயும் களி கலந்த மணல் போய் உட்காரும். தூக்கறப்ப 225 இடத்துல பிடிக்கும். பெயின்ட் அதை மறைச்சிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. விரல் நகத்தைச் சுவர்ல வச்சு, பிரிக்கற முகத்துல இருந்து உச்சிவரைக்கும் ஓட்டிப் பாருங்க. நகம் தடுக்குற இடமெல்லாம் மணலும் தடுக்கும்.

தேய்க்கறதுலயும் ஒரு தப்பு நடக்குது. கைக்குச் சுலபம்னு எல்லாரும் பேட்டர்னைச் சுத்தி, லேயர் ஓடுற திசையிலேயே தேய்ப்பாங்க. அது வரியை இன்னும் ஆழமாக்கும். தூக்கற திசையில, வரிகளுக்குக் குறுக்க தேய்க்கணும். உப்புத்தாளை வெறும் விரல்ல பிடிக்காதீங்க, நேரான ரீப்பர் துண்டுல சுத்திப் பிடிங்க. 120, 220, கடைசியா 400 தண்ணியில. மிஷின் சாண்டர் வேண்டாம். பிஎல்ஏ 60 டிகிரியிலேயே இளகும், தாள்ல அப்பிக்கும், மேல பளபளன்னு ஒரு தோல் கட்டி உள்ள வரி அப்படியே இருக்கும்.

அடுத்தது சாய்வு, பேட்டர்ன் மணலை உரசாம மேல வர சுவருக்குக் கொடுக்கறது. டிராயிங்ல இருந்ததை அப்படியே எஸ்டிஎல் (பிரிண்டுக்குப் போற ஃபைல்) ஆக்கினீங்களா? மிஷின் டிராயிங்ல சாய்வு இருக்காது, அதை பேட்டர்ன்காரன்தான் சேர்ப்பான். கைமோல்டிங்குக்கு, அதுவும் பிரிண்ட் பண்ண சுவருக்கு, பக்கத்துக்கு 2 டிகிரி கொடுங்க. 45 எம்எம் உயரத்துக்கு 1.6 எம்எம் உள்வாங்கும். 1 டிகிரின்னா 0.8. நல்ல தேக்கு பேட்டர்ன் 1 டிகிரியில வந்துடும், பிரிண்ட்டுக்குப் பத்தாது.

தேய்ச்சு முடிஞ்சதும் பாதியை சர்ஃபேஸ் பிளேட்ல கவுத்தி ட்ரை ஸ்கொயரைச் சுவரோட ஒட்டிப் பிடிங்க. மேல போகப்போக வெளிச்சம் அகலமாகணும். அடியிலயோ நடுவுலயோ வெளிச்சம் தெரிஞ்சு மேல ஒட்டிக்கிட்டா அது பின்சாய்வு. அந்தப் பேட்டர்னைப் பவுண்டரிக்கு அனுப்பாதீங்க.

கருமணல் | பிப்ரவரி 4, காலை 6.20

மோல்டிங் பக்கம் இருந்து ஒண்ணு. பேட்டர்னைத் தூக்க என்ன வச்சிருக்கீங்க? ஒண்ணும் இல்லைன்னா எங்காளுங்க இருக்கற ஓட்டையில ஸ்க்ரூடிரைவரைக் குத்தி நெம்புவாங்க. கோணலா வரும், ஒரு பக்கச் சுவர் போயிடும். அப்புறம் மணல் மேல பழி.

தேக்குத்தூள் | பிப்ரவரி 4, மதியம் 1.15

நேத்து இதை விட்டுட்டேன். பிரிக்கற முகத்துல 3 எம்எம் எம்எஸ் தகடு ஒண்ணைப் பதிச்சு 4 ஸ்க்ரூ போடுங்க. அதுல எம்8 டாப் போட்ட ஓட்டை ஒண்ணு, தூக்க. பக்கத்துல 10 எம்எம் வெறும் ஓட்டை ஒண்ணு, கம்பியை விட்டு நாலு பக்கமும் தட்ட. தகடு பேட்டர்னோட கனமையத்துக்கு நேரா வரணும், நடு நீளத்துல இல்ல. உங்க பிராக்கெட்ல ஒரு பக்கம் பிளேஞ்ச் இருக்கும்னு நினைக்கிறேன், அந்தப் பக்கமா தள்ளி வரும். கத்தி முனையில பாதியை வச்சு நிறுத்திப் பாருங்க, இடம் தெரியும். இன்ஃபில்லுக்குள்ள நட்டை வச்சு ஒட்டறது ரெண்டு அச்சுக்குத் தாங்கும். மூணாவதுக்கு நட்டு தனியா கையில வரும்.

தட்டறதைக் குறைங்க. தட்டத்தட்ட அச்சு பெருசாகும், காஸ்டிங் எடையும் கூடும்.

அரைவட்டம் | பிப்ரவரி 4, இரவு 10.50

நகம் தடுக்குதுங்க, நல்லாவே. சாய்வு கொடுக்கல, ஒத்துக்கறேன். இரும்பு ஆறுறப்ப வர்ற சுருக்கத்துக்கு மட்டும் ஸ்லைசர்ல (பிரிண்ட் சாஃப்ட்வேர்ல) 101 சதம் வச்சேன், அது சரிதானே?

தேக்குத்தூள் | பிப்ரவரி 5, காலை 8.05

கிரே அயர்னுக்கு மீட்டருக்கு 10 எம்எம், அதாவது 1 சதம், சரி. அலுமினியம்னா 1.3, ஸ்டீல்னா 2. ஆனா ஸ்லைசர்ல வச்சதுதான் தப்பு. அது எல்லாத்தையும் பெருசாக்கும். 8 எம்எம் டவல் (ரெண்டு பாதியையும் நேரா சேர்த்து நிறுத்தற முளை) ஓட்டை 8.08 ஆயிடும், டவல் ஆடும், மேல்பாதி கீழ்பாதி நகரும், காஸ்டிங்ல பிரியற கோட்டுல படி விழும். ரெண்டு பாதியில ஒண்ணுக்கு மட்டும் 101 வச்சு இன்னொண்ணுக்கு மறந்தா கதை வேற. 240க்கு 2.4 எம்எம் வித்தியாசம், டவலே உட்காராது. அதாவது தெரிஞ்சுடும். கோர் பாக்ஸுக்கு (கோர் செய்யற அச்சுக்கு) மறந்தா, அச்சை உடைச்சு காஸ்டிங்கைப் பார்க்கறவரைக்கும் தெரியாது.

சுருக்கத்தை கேட்லயே (CAD, கம்ப்யூட்டர் டிராயிங்), பார்ட்டுக்கு மட்டும் கொடுங்க. வரிசை இது: ஃபினிஷ் அளவு, மெஷினிங் அலவன்ஸ் (மெஷின்ல சீவி எடுக்க விடற கூடுதல்), சாய்வு, பில்லட் (மூலை உருட்டறது), அப்புறம் 1.01. அதுக்கப்புறம்தான் டவல் ஓட்டை, எம்எஸ் தகட்டுக்குக் குழி, கோர் பிரிண்ட் (கோரோட முனை அச்சுல உட்கார்ற இடம்) இடைவெளி.

மெஷினிங் அலவன்ஸ் இந்த சைஸுக்கு 3 எம்எம். மேல்பெட்டிப் பக்கம் வர்ற முகத்துக்கு 4. கசடும் காத்தும் அங்கதான் போய் நிக்கும்.

பிரிண்டரோட சொந்தச் சுருக்கம் தனிக் கணக்கு. 200 எம்எம் பட்டை ஒண்ணை அடிச்சு, ஆறினதுக்கப்புறம் வெர்னியர்ல பாருங்க. 199.5 வந்தா அந்த 0.25 சதத்தை மெஷின் செட்டிங்ல சரி பண்ணுங்க. காஸ்டிங் சுருக்கத்தோட சேர்த்துக் குழப்பாதீங்க.

கருமணல் | பிப்ரவரி 5, காலை 8.40

பேட்டர்ன் கடையில கன்ட்ராக்ஷன் ஸ்கேல் இருக்கும். அயர்ன் ஸ்கேல்ல 100ன்னு போட்டிருந்தா நிஜத்துல 101. பழைய பேட்டர்னை அந்த ஸ்கேல்ல அளந்து எழுதினா காஸ்டிங் அளவு வரும். சாதா வெர்னியர்ல அளந்து எழுதி, அதுக்கு மேல கேட்ல இன்னொரு 1.01 போட்டவங்க உண்டு. காஸ்டிங் பெருசா வந்ததும் "இரும்பு சரியில்ல"ம்பாங்க.

தேக்குத்தூள் | பிப்ரவரி 5, இரவு 11.20

காலையில சொன்னதுல ஒரு திருத்தம். 1 சதம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வராது. 60 எம்எம் ஓட்டைக்குள்ள கோர் இருக்கு. இரும்பு சுருங்கறப்ப கெட்டியான கோர் குறுக்க நின்னு தடுக்கும். கோரைச் சுத்தின வளையம் 0.8 மட்டும் சுருங்கறது சாதாரணம். சிஓ2 கோர் (சிலிக்கேட் கலந்த மணலை சிஓ2 கேஸ் விட்டு இறுக்கறது), அதுவும் சிலிக்கேட் அதிகமா போட்டதுன்னா, இன்னும் குறையும். 60 எம்எம் ஓட்டைக்கு 0.1 எம்எம் வித்தியாசம்தான், போரிங் அடிக்கறதா இருந்தா மறந்துடுங்க. ஆனா பெரிய வால்யூட் கேசிங்ல (பம்போட நத்தை வடிவ உறை) 400, 500 எம்எம் வந்தா 1 எம்எம் வரைக்கும் போகும், அங்க பழகின பவுண்டரியைக் கேட்காம நம்பர் வைக்கக் கூடாது. ஒவ்வொரு பவுண்டரி மணலும் ஒவ்வொரு மாதிரி விடும்.

அரைவட்டம் | பிப்ரவரி 8, இரவு 9.00

புதுசா அடிச்சேன். 2 டிகிரி சாய்வு, இன்ஃபில் 30 சதம், குறுக்க தேய்ச்சேன், ஸ்கொயர்ல வெளிச்சமும் சரியா வருது. பக்கச் சுவர் இப்ப பிழைச்சிருச்சு. ஆனா பிரிக்கற கோட்டு ஓரம் முழுக்க நொறுங்குது. சில்லு சில்லா.

தேக்குத்தூள் | பிப்ரவரி 8, இரவு 9.25

ரெண்டு பாதியையும் தனித்தனியா தேய்ச்சீங்க. சரியா?

அரைவட்டம் | பிப்ரவரி 8, இரவு 9.30

ஆமாங்க. எப்படித் தெரியும்?

தேக்குத்தூள் | பிப்ரவரி 9, காலை 7.45

தனியா தேய்ச்சா கட்டை ஓரத்தைத் தாண்டுறப்ப ஒவ்வொரு தடவையும் சாயும். பிரிக்கற முகத்தோட ஓரம் அரை எம்எம் உருண்டுடும். மோல்டிங் பலகையில கவுத்தினா அந்த உருண்ட ஓரத்துக்கு அடியில மணல் நுழையும். தூக்கறப்ப அந்த மெல்லிய நாக்கு உடைஞ்சு அச்சுக்குள்ள விழும். உடையாம பிழைச்சா இன்னும் மோசம், காஸ்டிங்ல கோடு முழுக்கப் பள்ளம்.

தேக்கோ பிரிண்ட்டோ வழி ஒண்ணுதான். முதல்ல டவலைப் போடுங்க, ரெண்டு பாதியையும் சேர்த்து முழுப் பேட்டர்னா ஆக்குங்க, அப்படியே தேயுங்க. கட்டை மேல்பாதியில இருந்து நடுக்கோடு வரைக்கும் வந்து நிக்கணும், இன்னொரு பாதிக்குள்ள இறங்கக் கூடாது, ரெண்டும் எதிர்த்திசை சாய்வு இல்லையா. மறுபாதி கட்டைக்குத் தாங்கலா நிக்கறதால ஓரம் கூர்மையா இருக்கும். டவல் ரெண்டும் ஒரே சைஸ் வேண்டாம், ஒண்ணு 8, ஒண்ணு 6. பாதியைத் திருப்பி வைக்கவே முடியாது.

இப்ப உருண்ட ஓரத்தைத் திரும்பக் கட்டணும். மெழுகு பூசின கண்ணாடி மேல பாதியைக் கவுத்து, ஓரம் முழுக்க பாடி ஃபில்லர். ஹார்டனர் எடையில 2 சதம், அதுக்கு மேல போனா விரிசல் விடும். காஞ்சதும் சேர்த்துத் தேயுங்க. என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பட்டியை இதுக்குத் தொடாதீங்க. அது கீறலுக்கும் ஊசி ஓட்டைக்கும் மட்டும், மெல்லிசா, 2 தடவை. தடிமனா போட்டா தின்னர் போகப்போக ஒரு வாரம் கழிச்சும் அமுங்கிக்கிட்டே இருக்கும். ஏபிஎஸ் பிரிண்ட்ல என்சி பட்டியே கூடாது, தின்னர் ஏபிஎஸ்ஸை இளக்கும். கடைசியா 2 பாகம் கலக்குற பியு (பாலியூரிதேன்) பிரைமர், 400ல தேய்ப்பு, பியு டாப் கோட், மேல மெழுகு பாலிஷ். கேன் ஸ்ப்ரே பெயின்ட் மணல் உரசுனதும் 4 அச்சுல போயிடும்.

தேக்குத்தூள் | பிப்ரவரி 9, காலை 8.10

இன்ஃபில் 30 சதம்னு எழுதியிருந்தீங்க. அதைக் கூட்டறது வீண். மணலை இடிக்கறப்ப தாங்கறது சுவர். 2 சுத்துன்னா 0.8 எம்எம். இடிக்கறப்ப இன்ஃபில் கம்பிகளுக்கு நடுவுல சுவர் உள்ள வாங்கும், இடி நின்னதும் வெளிய தள்ளும். மணல் அதைக் கவ்விக்கும். 5 சுத்து வைங்க, 2 எம்எம் ஆகும். மேல்தோல் 8 லேயர். இன்ஃபில் 20 போதும். உள்ள பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊத்திட்டா கல்லு மாதிரி நிக்கும்.

தேக்குத்தூள் | பிப்ரவரி 9, மதியம் 2.30

பிளாஸ்டர் யோசனையை அவசரத்துல எழுதிட்டேன். பிளாஸ்டர் இறுகறப்ப சூடாகும், மொத்தமா ஊத்தினா பிஎல்ஏ இளகற அளவுக்கே போகும். சுவர் உப்பும், 2 டிகிரி சாய்வும் போச்சு. ஊத்தித்தான் ஆகணும்னா ஒரு தடவைக்கு 10 எம்எம் உயரம், ஆறின பிறகு அடுத்தது. எபாக்சியில காஞ்ச மணல் கலந்து ஊத்தறவங்களுக்கும் இதேதான், மெதுவா இறுகற ஹார்டனரா வாங்கணும். 10 பீஸுக்கு ஒண்ணுமே ஊத்த வேண்டாம், 5 சுத்தே போதும்.

கருமணல் | பிப்ரவரி 9, இரவு 8.00

சூடுன்னதும் ஞாபகம் வந்துச்சு. மதியத்துக்கு மேல எங்க ரிடர்ன் மணல் (ஊத்தி உடைச்ச அச்சுல இருந்து திரும்பி வர்றது) ஆறாமலே மிக்ஸருக்கு வரும். கையை விட்டா சுடும். அந்த மணலைக் குளிர்ந்த பேட்டர்ன் மேல போட்டா ஆவி வேர்த்து ஒட்டும், தேக்கா இருந்தாலும் ஒட்டும். காலை முதல் ஷிப்ட்ல உங்க அச்சைப் போடச் சொல்லுங்க. ஈரம் 3ல இருந்து 4 சதத்துக்குள்ள. அள்ளிப் பிடிச்சு உருண்டையை ரெண்டா உடைச்சா ஓரம் கூர்மையா நிக்கணும்.

அரைவட்டம் | பிப்ரவரி 11, இரவு 10.15

பவுண்டரில பேட்டர்னைத் தராசுல வச்சுட்டு 5 கிலோ காஸ்டிங்னு ரேட் போட்டாங்க. சந்தோசமா வந்துட்டேன். கேட்ல பார்த்தா 9 கிலோ காட்டுது. எது சரி?

கருமணல் | பிப்ரவரி 11, இரவு 10.40

சந்தோசத்தை பில் வர்றவரைக்கும் அனுபவிங்க.

தேக்குத்தூள் | பிப்ரவரி 12, காலை 7.30

பழைய கணக்கு அது. கோர் இல்லாத திடமான தேக்கு பேட்டர்ன் எடையை 11ஆல பெருக்கினா கிரே அயர்ன் எடை சுமாரா வரும். இரும்பு லிட்டருக்கு 7.2 கிலோ, காஞ்ச தேக்கு 0.65. உங்க பேட்டர்ன் உள்ள பொக்கை, பெருக்கல் அங்க செல்லாது. கேட்ல கன அளவு 1.25 லிட்டர் இருந்தா 1.25 × 7.2, 9 கிலோ. அதுதான் சரி. இதைப் பவுண்டரிக்கு எழுதிக் கொடுத்துடுங்க. ரேட்டுக்கு மட்டும் இல்ல, ரைசர் (சுருங்கறப்ப இரும்பு ஊட்டற குழி) சைஸும் லேடில்ல (ஊத்தற கரண்டியில) எவ்வளவு இரும்பு எடுக்கணும்ங்கறதும் இதை வச்சுத்தான். 5 கிலோன்னு நம்பி எடுத்தா அச்சு பாதியில நிக்கும்.

அரைவட்டம் | பிப்ரவரி 14, இரவு 9.10

அடுத்த சந்தேகம் கோர் பாக்ஸ். அதையும் பிரிண்ட் எடுத்தேன். சிஓ2 கோர் ஒட்டிக்குது. ஒட்டாம வந்த ஒண்ணு ரெண்டு நாள்ல வெள்ளை பூத்து, தொட்டா உதிருது.

தேக்குத்தூள் | பிப்ரவரி 15, காலை 8.00

வெள்ளை பூத்தா கேஸ் அதிகம். இறுகட்டும் இறுகட்டும்னு விடுவாங்க, அளவு தாண்டினா திரும்ப உதிரும். 60 எம்எம் கோருக்கு அழுத்தம் 1.5 கிலோ வச்சு, 4 இடத்துல குத்தி, இடத்துக்கு 5 செகண்ட் விட்டுப் பாருங்க. நகத்தால கீறினா கோடு விழாம இருந்தா நிறுத்திடுங்க. சிலிக்கேட் மணல் எடையில 4 சதத்தைத் தாண்ட வேண்டாம்.

ஒட்டறதுக்குக் காரணம் சிலிக்கேட்டோட காரம். சாதா பெயின்ட்டைத் தின்னுடும். உள்பக்கம் பியு கோட்டும் மெழுகும் கட்டாயம், 5 கோருக்கு ஒரு தடவை சிலிகான் ஸ்ப்ரே. பாக்ஸுக்குள்ள வரியைக் குறுக்க தேய்க்க 50 எம்எம் பைப்புல தாளைச் சுத்திக்குங்க, தாளும் பைப்பும் சேர்ந்து அரைவட்டத்துக்குக் கொஞ்சம் சின்னதா இருக்கணும். (உங்க பேருக்கு ஏத்த வேலை.)

கோர் பிரிண்ட் ரெண்டு பக்கமும் 35 எம்எம் நீளம் கொடுங்க, சுத்தி 0.4 இடைவெளி. இதுல கஞ்சத்தனம் வேண்டாம். உருகின இரும்புக்குள்ள கோர் மிதக்கும். 60 விட்டம், 240 நீளம்னா 0.68 லிட்டர். இரும்புக்கும் கோர் மணலுக்கும் லிட்டருக்கு 5.4 கிலோ வித்தியாசம், ஆக 3.7 கிலோ மேல தள்ளும். கோருக்கு நடுவுல 8 எம்எம் காத்து ஓட்டை விட்டு, அது பிரிண்ட் வழியா பெட்டிக்கு வெளிய போகணும்.

கருமணல் | பிப்ரவரி 15, மதியம் 12.50

அதோட இரும்பு மேல்பெட்டியைத் தூக்கறதையும் சேர்த்துக்கங்க. 24 × 15 செ.மீ., 360 சதுரம். பெட்டி உயரம் 15, உருகின இரும்பு லிட்டருக்கு 7 கிலோ. பெருக்கினா 37.8 கிலோ, கோர் 3.7, மொத்தம் 41.5. மேல்பெட்டி 40 × 30 × 15 சைஸ்னா மணல் 28 கிலோ சுமார். பத்தாது. மேல 20 கிலோ எடைக்கல் வைக்கணும். பீஸ் கோட்டுக்கு மேல 4.5 செ.மீ. ஏறி நிக்கறதால தூக்கு நிஜத்துல குறையும், ஆனா அதைக் கழிக்கறதில்ல.

அரைவட்டம் | பிப்ரவரி 21, இரவு 8.30

10ம் வந்துடுச்சுங்க. 11 அச்சு, 1 மட்டும் உடைஞ்சுது. ஓரம் கூர்மை. போரிங்ல எல்லாம் சுத்தமா எடுத்துச்சு. இப்ப 600 பீஸுக்குக் கேக்கறாங்க. இதே பேட்டர்ன் தாங்குமா? பேட்டர்ன் கடை மூடுறதைப் பத்தி கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கறேன்.

தேக்குத்தூள் | பிப்ரவரி 22, காலை 9.20

தாங்காது. 40, 50 அச்சுல பெயின்ட் தேஞ்சு வரி வெளிய வந்துடும். 600க்கு எல்எம்6 அலுமினியத்துல மேட்ச் பிளேட் (ரெண்டு பாதியும் ஒரே தகட்டோட ரெண்டு பக்கமும் இருக்கற பேட்டர்ன்). அதுக்கு மாஸ்டரை நீங்களே பிரிண்ட் எடுக்கலாம், ஆனா ரெண்டு சுருக்கம் சேரும்: 1.013 × 1.010. 240க்கு 245.55 வரும். அலுமினியத்தை ராவித் தேய்க்க முகத்துக்கு 0.5 எம்எம் தனியா.

கடை மூடுற விசயம். 1930கள்ல பைகாரா கரன்ட் வந்து கோயமுத்தூர்ல மில்லு, மோட்டார், பம்புன்னு பெருகினப்ப கூடவே வளர்ந்தது இந்தத் தொழில். இந்த மாதிரி பிரிண்டரோட மூல பேட்டன்ட் 2009ல முடிஞ்சதுல இருந்து மெஷின் மலிவாச்சு, இப்ப பேட்டர்ன் கடைக்காரரே ஒண்ணு வச்சிருக்கார். மூடிய இம்பெல்லர் (பம்புக்குள்ள சுழல்ற சக்கரம்) கோர் பாக்ஸ்ல வளைஞ்ச வேன் துண்டுகளை அவரே பிரிண்ட்ல அடிச்சுக்கறார், மரத்துல அதைச் செதுக்க 3 நாள். ஆனா அந்தத் துண்டு எந்தப் பக்கம் சுழன்று வெளிய வரணும்ங்கறதை முடிவு பண்ணாம ஃபைலே வரைய முடியாது. 600க்கு அவர்கிட்டப் போங்க, உங்க ஃபைலை எடுத்துட்டுப் போங்க. பாதிக் கூலி குறையும்.

அரைவட்டம் | பிப்ரவரி 24, மாலை 6.05

போறதுக்கு ஒரு தடங்கல். பேட்டர்னைக் காட்டலாம்னு கார்ல வச்சிருந்தேன், மதியம் வெயில்ல நின்னுச்சு. இப்ப பிளேட்ல வச்சா ஒரு மூலை ஆடுது.

தேக்குத்தூள் | பிப்ரவரி 24, மாலை 6.40

எத்தனை ஆடுதுன்னு ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்க. 0.3க்குள்ளன்னா பிளேட்ல 80 தாளை ஒட்டி, முகத்தை எட்டு வடிவத்துல தேய்ச்சு எடுத்துடலாம், சாய்வை மறுபடி ஸ்கொயர்ல பாருங்க. அதுக்கு மேலன்னா சூடு பண்ணி நிமித்தலாம்னு இறங்காதீங்க, பட்டி விட்டுடும். அந்தப் பாதியை மட்டும் திரும்ப அடிங்க, டவல் ஓட்டையை விட்டுட்டு. நல்ல பாதியோட சேர்த்துப் பிடிச்சு ஒரே டிரில்ல போடணும்.

கருமணல் | பிப்ரவரி 24, இரவு 7.15

கார்ல ஏசி போட்டுட்டு நிறுத்துங்க.